நாலு பொட்டலம் ஒட்டக முடி: எந்த வயசு எதுக்கு ஆகும்?

சித்தப்பா மகன் போன வாரம் மதுரை செல்லூர் வீட்டுக்கு வந்தான். கையில் நாலு பாலித்தீன் பொட்டலம். தறிக்குழி ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, "அண்ணே, இதுல எதை வாங்கட்டும்னு நீதான் சொல்லணும்" என்றான். நாலும் ஒட்டக முடி. ஒரு பொட்டலத்தில் மங்கோலியாக் கன்று, ஒன்றில் ராஜஸ்தான் கன்று, ஒன்றில் மூன்று நாலு வயசு, கடைசியில் நன்றாக வளர்ந்த ஒட்டகம். கொடைக்கானல் கடைக்காரர் ஒருவர் சீசனுக்கு இருபது ஸ்டோல், அதாவது கழுத்தில் போடுகிற மேல்துண்டு, கேட்டிருக்கிறாராம். இவனிடம் இருப்பது இரண்டு குழித்தறி, ஒரு ராட்டை, அதில் உட்காரப் பொறுமையுள்ள ஒரு மாமியார்.

நம் ஊர் நூல் என்றாலே பருத்திதான். ஆட்டு முடிக்குக்கூட இங்கே வழியில்லை. வேம்பூர் ஆடு, கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை எல்லாமே கறிக்கு வளர்க்கிற முடி ஆடுகள், கம்பளி தராது. தமிழ்நாட்டில் கம்பளி என்று பார்த்தால் நீலகிரி ஆடு, கோயம்புத்தூர் ஆடு மாதிரி ஒரு சில இனங்கள்தான். ஒட்டகமோ தமுக்கம் பொருட்காட்சியில் சவாரி போகப் பார்த்ததோடு சரி. ஆகவே முடி பார்சலில்தான் வரும். வந்த பிறகு சண்டை போட்டுப் பயனில்லை, வாங்குமுன் பார்த்துவிட வேண்டும். நான் பார்க்காமல் வாங்கி ஒருமுறை பட்டிருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றை ஒதுக்கிவிடலாம். டவுன்ஹால் ரோடு ஸ்டேஷனரிக் கடைகளில் 'கேமல் ஹேர்' என்று விற்கிற ஓவியத் தூரிகையில் ஒட்டக முடி கிடையாது. அணில், வெள்ளாடு, மட்டக் குதிரை என்று வேறு முடிகள்தான் அதில். அதைத் தடவிப் பார்த்துவிட்டு ஒட்டக முடி இப்படித்தான் இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒட்டகத்தின் உடம்பில் முடி இரண்டு அடுக்கு. வெளியே தெரிவது மேல்முடி. நீளம், முரடு, வெயிலையும் மணலையும் தடுக்கிற வேலை அதற்கு. அதற்குக் கீழே பூனைமுடி மாதிரி மெத்தென்று இருப்பது உள்முடி. துணிக்கு வேண்டியது இந்த உள்முடி. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான் இருக்கும். இரட்டைத் திமில் ஒட்டகத்தின் நல்ல உள்முடி 20 மைக்ரானை ஒட்டி நிற்கும், மேல்முடியோ நம் தலைமுடியையும் தாண்டிவிடும். இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதில்தான் வயசு நேராக வந்து நிற்கிறது.

காரணத்தை வீட்டுக் குழந்தையிடமே பார்க்கலாம். அழகர்கோயிலில் முதல் மொட்டை போட்டுக் காது குத்துகிறோமே, அந்த முதல் முடி பட்டு மாதிரி இருக்கும். அடுத்த முடி தடித்து வருகிறது. மொட்டை போட்டதால்தான் தடித்தது என்று பாட்டிமார் சொல்வார்கள். அது கத்தியின் வேலை இல்லை, வயசின் வேலை. ஒட்டகக் கன்றுக்கும் அப்படித்தான். மயிர்க்கால்களின் எண்ணிக்கை பிறக்கிறபோதே பெரும்பாலும் முடிவாகிவிடும். உடம்பு வளரத் தோல் விரிகிறது, மயிர்க்கால்கள் விலகிப் போகின்றன, ஒவ்வொன்றும் பருத்துத் தடித்த முடியைத் தள்ளுகிறது. மேல்முடியின் பங்கும் ஏறுகிறது. தடித்த முடியின் நடுவே ஒரு குழல் விழுகிறது, மூங்கில் மாதிரி. கன்று முடியில் இந்தக் குழல் குறைவு.

பாட்டிமார் பேச்சில் ஒரு பாதி உண்மையும் இருக்கிறது. ஒருமுறையும் வெட்டாத முடியின் நுனி ஊசியாக மெலிந்திருக்கும். ஒருமுறை கத்தரி பட்டுவிட்டால் அடுத்து வரும் முடி இரண்டு பக்கமும் மொட்டை. கன்றின் முதல் கத்தரிப்புக்குச் சந்தையில் தனி மரியாதை இருப்பதற்கு மென்மையோடு இந்த நுனியும் ஒரு காரணம். கழுத்தில் போட்டால் குத்தாது.

இனி பொட்டலங்கள்.

மங்கோலியாக் கன்று. மங்கோலியாவிலும் சீனாவின் உள் மங்கோலியாவிலும் வளர்கிற இரட்டைத் திமில் ஒட்டகம் குளிரில் வாழ்கிற பிராணி. அதனால் உள்முடி அடர்த்தி. வசந்த காலத்தில் அது தானாக முடி உதிர்க்கும், அப்போது சீப்பால் வாரி எடுப்பார்கள். வாரும்போதே உள்முடி ஓரளவு தனியாகி வந்துவிடுகிறது. ஒரு வயசுக் கன்றின் முடி 16 முதல் 18 மைக்ரான், வளர்ந்ததில் 18 முதல் 21 வரை என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். தம்பியின் பொட்டலத்தில் இருந்தது மில்லில் வாரிக் கயிறாக உருட்டிய சரக்கு. விரலில் வைத்தால் இருப்பதே தெரியவில்லை. இரண்டு திமில் ஒட்டகம் நம் நாட்டில் லடாக்கின் நுப்ரா பள்ளத்தாக்கில் உண்டு, ஆனால் சில நூறுதான். அங்கிருந்து மதுரைக்குச் சரக்கு வரும் என்று காத்திருக்க முடியாது.

அருமையான முடி, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு ஒரு தயக்கம். இவ்வளவு நைசான, இவ்வளவு குட்டையான இழையை ராட்டையில் பழகாத கை நூற்றால் நூல் ஓர் இடத்தில் முடிச்சு, ஓர் இடத்தில் ஒல்லி என்று வரும். விலையின் பாதி இழையில் இருக்கிறது, மீதிப் பாதி நூற்பில். மாமியார் பருத்தி நூற்றவர். அவர் கை பழகுவதற்குள் இரண்டு கிலோ வீணாகும். இந்தச் சரக்கில் இரண்டு கிலோ வீணானால் சீசன் லாபமே போச்சு.

ராஜஸ்தான் கன்று. இது ஒற்றைத் திமில், பாலைவன வெயில் பிராணி. இதை வாருவதில்லை, கத்தரிக்கிறார்கள். ஹோலி கழிந்து வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். கத்தரித்தால் மேல்முடியும் உள்முடியும் ஒன்றாகத்தான் வரும். வளர்ந்த ஒட்டகத்தில் இது பெரிய தலைவலி. கன்றில் அவ்வளவு இல்லை, மேல்முடி இன்னும் முரடாகாத வயசு அது. இனத்தையும் கேட்க வேண்டும். பிகானேரி ஒட்டகத்துக்கு முடி அதிகம், சிலவற்றுக்குப் புருவத்திலும் காதிலும்கூடக் கொத்தாகத் தொங்கும். ஜெய்சல்மேரி ஓட்டத்துக்குப் பேர்போனது, முடி குட்டை, மெலிவு. கன்று என்று மட்டும் சொல்லி எந்த இனம் என்று சொல்லாத வியாபாரியிடம் நான் மறுபடி ஒருதரம் கேட்பேன்.

இந்தக் கன்று முடி ஏன் எப்போதும் கிடைப்பதில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பெட்டை ஒட்டகத்தின் சினைக்காலம் சுமார் 13 மாதம். போடுவது ஒரே கன்று, அதுவும் இரண்டு வருஷத்துக்கு ஒன்று. ஒட்டகங்களே குறைந்துகொண்டு வருகின்றன. கால்நடைக் கணக்கெடுப்பில் 2012ல் நாடு முழுக்க 4 லட்சம் இருந்தது, 2019ல் 2.5 லட்சமாகிவிட்டது. ராஜஸ்தான் அரசு 2014ல் அதை மாநில விலங்காகவே அறிவித்தது, அப்படியும் சரிவு நிற்கவில்லை. மந்தையே சுருங்கும்போது முதல் கத்தரிப்பு முடி எங்கிருந்து வரும்? ஆகவே மாசியிலேயே சொல்லி வைத்துவிட வேண்டும்.

மூன்று நாலு வயசு. தம்பிக்கு இதன் மேல்தான் கண். "கன்னு அளவுக்கு வெலை இல்ல, பெருசு அளவுக்கு முரடும் இல்ல, நடுவுல இருக்குல்லண்ணே?" என்றான். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். நடுவில் இருப்பது விலை மட்டும்தான். இந்த வயசில் உள்முடி இன்னும் ஓரளவு மென்மையாகவே இருக்கிறது, உண்மைதான். அதற்குள்ளே மேல்முடி தலை தூக்கிவிடுகிறது. வளர்ந்த ஒட்டகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பட்டவர்த்தனமாகத் தெரியும், முரட்டு முடியைக் கையால் பிடித்து இழுத்துவிடலாம். இளவட்ட ஒட்டகத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே நிறம். பிரிக்கவும் முடியாது, விடவும் முடியாது.

விட்டால் என்ன ஆகும்? 30 மைக்ரானுக்கு மேல் தடித்த இழை நூற்றுக்கு ஐந்து இருந்தாலே கழுத்துத் தோல் அதைக் கண்டுபிடித்துவிடும். தடித்த இழை வளையாது, நுனி குத்தும். மீதி 95ம் பட்டாக இருந்து பயனில்லை.

இங்கேதான் நான் பட்ட கதை. சில வருஷம் முன்னால் வடக்கே ஒரு வியாபாரி ஆறு கிலோ அனுப்பினார், 'கன்று முடி' என்று சீட்டு ஒட்டி. பொட்டலத்தின் மேல் கைப்பிடி உண்மையிலேயே கன்றுதான். உள்ளே இருந்தது பெரிய ஒட்டகங்களின் கழுத்து முடியும் திமில் முடியும். பொட்டலத்தை அடிவரை பிரிக்காமல் நூற்க உட்கார்ந்தது என் தப்பு. தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவுக்குப் பருத்தியும், குறுக்கே ஓடுகிற ஊடைக்கு இதையும் கொடுத்து எட்டு ஸ்டோல் நெய்தேன். சுங்குடிக்குச் சாயம் போடுகிற தெரிந்தவரிடம் அரக்குச் சிவப்பில் முக்கி எடுத்தேன். காய்ந்ததும் பார்த்தால் சிவப்பு நடுவே வெளிறிய கோடு கோடாக இழைகள். குழல் விழுந்த முடி எவ்வளவு சாயம் குடித்தாலும் கண்ணுக்கு வெளிறித்தான் தெரியும் என்று அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். வாங்கின ஒரு அம்மா இரண்டாம் நாளே கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, கழுத்தெல்லாம் கம்பளிப்பூச்சி ஊறுன மாதிரி இருக்கு" என்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய.

வளர்ந்த ஒட்டகம். ஸ்டோலுக்கு இது கூடாது என்று சொல்வதால் இதை மட்டமாக நினைக்க வேண்டாம். ராஜஸ்தானிலும் கட்ச்சிலும் மேய்ப்பர்கள் காலங்காலமாக இந்த முடியைத்தான் தக்களியில் திரித்து வந்திருக்கிறார்கள். கயிறு, மூட்டைப் பை, தரைவிரிப்பு, ஒட்டகத்தின் வயிற்றைச் சுற்றிச் சேணத்தைக் கட்டுகிற பட்டை எல்லாம் இதிலும் வெள்ளாட்டு முடியிலும்தான். அந்தப் பட்டையைப் பின்னும் விதத்தைப் பார்த்தால் நெசவுக்காரன் யாரும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவான். நாலு இழை சேர்த்து முறுக்கிய கயிறுகளை அடுத்தடுத்து வைத்து, ஒரு கயிற்றின் முறுக்கை ஊசியால் பிளந்து இன்னொன்றை அதற்குள்ளே ஓட்டுகிறார்கள். பாவும் இல்லை, ஊடையும் இல்லை, தறியே இல்லை. ஓடுகிற கயிறு வழுக்காமல் நிற்க வேண்டுமென்றால் முடி முரடாகத்தான் இருக்க வேண்டும். கன்று முடியில் இதைப் பின்னினால் ஒரு மாதத்தில் நைந்துவிடும். என் ஆறு கிலோவில் மிச்சமிருந்ததைத் தடித்த ஊடையாக அடித்து ஒரு மிதியடி நெய்தேன். இன்றும் தறிக்குழி முன்னால்தான் கிடக்கிறது. ஓரம்கூடப் பிரியவில்லை.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வளர்ந்தது வேறு, கிழடு வேறு. ரொம்ப வயசான ஒட்டகத்தில் முடியின் அளவும் குறையும், பசையற்று வறண்டும் போகும். திரிக்கும்போதே பொடியாக உதிர்ந்தால் அது மிதியடிக்கும் லாயக்கில்லை. அதே மாதிரி, பஞ்ச வருஷத்தில் தீனி இல்லாமல் கிடந்த பிராணியின் முடி மெலிந்து வரும். தொட்டால் கன்று முடியோ என்று தோன்றும். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வெடுக்கென்று இழுங்கள், நடுவில் அறுந்துவிடும். பட்டினியால் வந்த மெலிவை இளமை என்று எண்ணிக் காசு கொடுப்பதுதான் இதில் ஆகப் பெரிய ஏமாற்றம்.

வயசை எப்படித் தெரிந்துகொள்வது? தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது, காசு கொடுத்தால் பார்க்கலாம். வாடிப்பட்டிச் சந்தையில் காளையை ரெண்டு பல்லு, நாலு பல்லு, கடை சேர்ந்தது என்று சொல்வோமே, ஒட்டகத்துக்கும் அதே வழிதான், காலம்தான் மெதுவு. மாட்டுக்கு இரண்டு வயசிலேயே முன்பல் விழுந்து முளைத்துவிடும். ஒட்டகத்துக்கு முதல் ஜோடி நிலைப்பல் ஐந்து வயசை ஒட்டித்தான் வரும், ஏழு வயசுவாக்கில் முன்பல் எல்லாம் நிலைப்பல்லாகி வாய் நிறையும். அதனால் 'பால் பல் ஒட்டகம்' என்று யாராவது பெருமையாக எழுதினால் ஏமாந்துவிடாதீர்கள். நாலரை வயசுக்காரனும் பால் பல்லோடுதான் திரிவான். கேட்க வேண்டியது பல்லை இல்லை, 'முதல் கத்தரிப்பா?' என்ற ஒரே கேள்வியை.

பிராணி நம் கண் முன்னால் இல்லாதபோது முடியைத்தான் விசாரிக்க வேண்டும். நான் செய்வது இது. பொட்டலத்தின் மேலே, நடுவில், அடியில் மூன்று இடத்திலிருந்தும் ஒரு சிட்டிகை எடுப்பேன். கறுப்புத் துணியில் பரப்பி, புருவம் பிடுங்குகிற கிடுக்கியால் நேராக நிற்கிற முடிகளைப் பொறுக்குவேன். நைஸ் முடி சுருண்டு கிடக்கும், முரடு ஈர்க்குச்சி மாதிரி விறைத்து நிற்கும். பிறகு அந்தச் சிட்டிகையைக் கழுத்தில், காதுக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது, தறிக்காரன் உள்ளங்கை காய்ப்பு ஏறிய கை. கடைசியாக வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை நுரையில் அலசிக் காயவைத்து நிறுப்பேன். ஆட்டுக் கம்பளி அளவுக்கு இதில் பிசுக்கு இல்லை, ஆனால் மணல் இறங்கும்.

இந்த நிறுவையைச் செய்யாமல் விலை பேசுவது வீண். ஒரு கணக்குக்கு, பெரிய ஒட்டக முடி கிலோ 100 ரூபாய், கன்று முடி கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெரியதில் மணலும் முரட்டு முடியும் போய் ஸ்டோலுக்கு ஆகிறது 300 கிராம் நின்றால், அந்த நைஸ் முடியின் அடக்கம் கிலோ 333 ரூபாய். கன்றில் 800 கிராம் நின்றால் 250 ரூபாய். பொறுக்குகிற கூலியை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. மலிவு என்று எதைச் சொல்கிறோம் என்பது இங்கே தலைகீழாகிவிடுகிறது. மிதியடிக்கு என்றால் கணக்கே வேறு. முரட்டு முடியும் சரக்குதான், மணல் மட்டும்தான் கழிவு.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஒட்டக முடியை வெளுப்பது கஷ்டம், இழை கெட்டுப்போகும். தேன் நிறத்தை அப்படியே விடுங்கள், இல்லையென்றால் அதைவிட அடர்ந்த நிறத்துக்குப் போங்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்களுக்குத் தேன் நிறமே போதும், 'ஒட்டகம்' என்று சொல்லாமலே தெரியும்.

"அப்ப எதுண்ணே?" என்றான் தம்பி, மூன்றாவது டீயையும் குடித்துவிட்டு.

ஸ்டோலுக்கு ராஜஸ்தான் கன்று, முதல் கத்தரிப்பு, பிகானேரி இனம், விலாப் பக்கத்து முடி என்று கேட்டு வாங்கு என்றேன். தனியாக நூற்க வேண்டாம். நைஸ் ஆட்டுக் கம்பளியோடு பாதிக்குப் பாதி சேர்த்து வாரினால், குட்டை இழைக்கு நீள இழை கை கொடுக்கும், மாமியாரும் நூற்றுவிடுவார். பாவுக்கு இரண்டு இழை முறுக்கிய நைஸ் நூலான 2/60 பருத்தி, ஊடைக்கு மட்டும் இது. பாவிலும் ஒட்டகம் போட்டால், இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து வைக்கிற அச்சில் உரசி உரசி அறுந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்க முடிச்சுப் போடத்தான் சரியாக இருக்கும். மங்கோலியாச் சரக்கைக் கடைக்காரர் முன்பணம் கொடுத்துக் கேட்டால் மட்டும் தொடு, அதையும் மில்லில் நூற்றே வாங்கு. வளர்ந்த ஒட்டக முடியில் ஐந்து கிலோ எடுத்து மிதியடியும் தோள்பைப் பட்டையும் செய்து பார். ஸ்டோல் வாங்க வருகிறவர் அதையும் எடுத்துப் போவார். மூன்று நாலு வயசுச் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடு.

அவனுக்கு அது ஒன்றில்தான் மனசு ஆறவில்லை. "விலை நல்லா இருக்கேண்ணே" என்று மறுபடி அந்தப் பொட்டலத்தையே பிரித்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து அவன் காலருக்குள்ளே வைத்துவிட்டு, அச்சில் அறுந்திருந்த இழையை முடியப் போனேன். பத்து நிமிஷத்தில் கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்து, ராஜஸ்தான் கன்று மூன்று கிலோவுக்கு நம்பர் கேட்டான். முதலில் 100 கிராம் வரவழைத்து அலசிப் பார்த்துவிட்டு மீதிக்குப் பணம் போடச் சொல்லியிருக்கிறேன்.